எழுத்துப் பயிற்சி வகுப்பைக் கம்ப்யூட்டர் லேபில் நடத்தலாமா?

கேள்வி இதுதான்: கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு எழுத்துப் பயிற்சி வகுப்பு எடுக்கிறீர்கள். 25 பேர், வாரம் இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் 50 நிமிடம். அதில் ஒன்றைக் கம்ப்யூட்டர் லேபில் வைத்துக்கொள்ளலாம் என்று துறையில் சொல்லியிருக்கிறார்கள். இதனால் உண்மையிலேயே பயன் உண்டா, அங்கே போய் என்னதான் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயன் உண்டு. தாராளமாக ஒத்துக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே போய்ப் பாடம் நடத்தாதீர்கள், எழுத வையுங்கள். வகுப்பறையில் சொல்லும் அதே விரிவுரையை லேபில் சொன்னால், 25 பேர் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வேறு எதையாவது பார்ப்பார்கள். அதற்கு வகுப்பறையே மேல்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்? சாதாரணமாக நாம் எழுத்தைக் கற்றுக்கொடுக்கும் முறையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மாணவர் வீட்டில், விடுதியில், நம் கண்ணில் படாமல் எழுதுகிறார். முடிந்துபோன கட்டுரை நம் மேசைக்கு வருகிறது. நாம் ஓரத்தில் சிவப்பு மையில் குறிப்பு எழுதித் திருப்பிக் கொடுக்கிறோம். அவர் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறார். எழுத்து நடந்துகொண்டிருந்த நேரத்தில், அதாவது உதவி தேவைப்பட்ட நேரத்தில், நாம் பக்கத்தில் இல்லை. 1980-ல் நான்சி சாமர்ஸ் என்ற ஆய்வாளர் மாணவர்களும் அனுபவமுள்ள எழுத்தாளர்களும் தங்கள் வரைவை எப்படித் திருத்துகிறார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தார். மாணவர்களுக்குத் திருத்தம் என்றால் பெரும்பாலும் சொல்லை மாற்றுவது. அனுபவசாலிகளுக்கோ, தன் வாதம் என்ன, அதற்கு என்ன வடிவம் என்று கண்டுபிடிப்பதே திருத்தம். இந்த வித்தியாசத்தைக் கரும்பலகையில் சொல்லிப் புரியவைக்க நான் பல வருடம் முயன்றிருக்கிறேன். தலையாட்டுவார்கள், அடுத்த கட்டுரையில் மறுபடியும் சொல்லைத்தான் மாற்றுவார்கள். லேபில் பக்கத்தில் நின்று, அவர் கை அந்தப் பத்தியைத் தூக்கி மேலே வைக்கும்போதுதான் அது பிடிபடுகிறது.

ஒரு காட்சி சொல்கிறேன். ஒரு மாணவி, கல்லூரி நூலகத்தைப் பற்றிய கட்டுரைக்கு முதல் வரியைத் தட்டுகிறார். "இன்றைய நவீன உலகில்" என்று தொடங்குகிறார். பேக்ஸ்பேஸ். "மனித வாழ்வில்" என்கிறார். பேக்ஸ்பேஸ். நான் இரண்டு நாற்காலி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். பத்து நிமிடத்தில் ஆறு தடவை எழுதி ஆறு தடவையும் அழித்துவிட்டார். திரையில் ஒன்றுமில்லை. இதே மாணவி வீட்டில் எழுதியிருந்தால், கடைசியில் ஏதோ ஒரு தேய்ந்த முன்னுரையோடு கட்டுரை வந்திருக்கும், நானும் "முன்னுரை பொதுவாக இருக்கிறது" என்று எழுதியிருப்பேன். பக்கத்தில் போய் உட்கார்ந்து, "திரையை விடும்மா, என்கிட்ட சொல்லு. இதுல உனக்கு எதைப் பார்த்தா கோபம் வருது?" என்று கேட்டேன். "மேடம், நூலகத்தை எட்டு மணிக்கு மூடறாங்க. பகல்ல எங்களுக்கு வகுப்பு. அப்ப அது யாருக்காக?" என்றார். "அதையே தட்டு" என்றேன். அதுதான் அவருடைய முதல் வரி ஆனது. எனக்கு அங்கே இரண்டு நிமிட வேலைதான்.

அதனால் லேபில் உங்கள் முக்கியமான வேலை நடப்பது. மேசைக்கு மேசை நடந்து, ஒருவரிடம் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். 50 நிமிடத்தில் 25 பேரையும் பார்க்க முடியாது. பத்துப் பேரைப் பார்த்தால் போதும், மீதிப் பேரை அடுத்த வாரம். யாரைப் பார்த்தோம் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கை தூக்கிக் கூப்பிடுகிறவர்களிடமே திரும்பத் திரும்பப் போய்விடுவோம். கூப்பிடாதவருக்குத்தான் பெரும்பாலும் உதவி தேவை. கீபோர்டை மட்டும் தொடாதீர்கள். மாணவர் எழுதிய வாக்கியத்தை நாம் தட்டிச் சரிசெய்த நொடியில் அது நம் வாக்கியம் ஆகிவிடும்.

இந்த நடைக்கு வழி இருக்கிறதா என்று முதலிலேயே போய்ப் பாருங்கள். அறையின் அமைப்பு வகுப்பை ஆக்கவும் செய்யும், கெடுக்கவும் செய்யும். மேசைகள் சுவரோரமாக ப வடிவில் இருந்தால் நல்லது. நடுவில் நின்றால் எல்லாத் திரையும் உங்கள் கண்ணில் படும், பேச வேண்டும் என்றால் எல்லோரும் நாற்காலியை நடுப்பக்கம் திருப்பிக்கொள்ளலாம். நாலைந்து பேர் சுற்றி உட்காரும் வட்ட மேசைகள் குழு வேலைக்கு ஏற்றவை. பெரும்பாலான லேபுகளில் இருப்பது என்னவோ பேருந்து இருக்கை மாதிரி வரிசை வரிசையான மேசைதான், அதுவும் தரையோடு முடுக்கியது. அப்படியானால் முன்னால் நிற்காதீர்கள், அறையின் பின்பக்கத்திலிருந்து வகுப்பை நடத்துங்கள். மாணவர்கள் என்ன எழுதுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும், முன்னால் நின்று அவர்கள் கவனத்தைக் கலைக்கவும் மாட்டீர்கள். பழக ஒரு வாரம் ஆகும்.

எல்லோரும் லாகின் செய்து முடிக்க ஏழெட்டு நிமிடம் போகும் என்று கணக்கில் வையுங்கள். பாஸ்வேர்டு மறந்தவர் கட்டாயம் இரண்டு பேர் இருப்பார்கள். அந்த நேரம் வீணாகாமல் இருக்க, நுழைந்ததும் செய்யவேண்டிய சின்ன வேலையைப் பலகையில் எழுதிப்போடுங்கள், அதைத் தாளில் செய்யச் சொல்லுங்கள். தாளில்தானா என்று கேட்பீர்கள். ஆம், வேண்டுமென்றேதான். கிறிஸ்டினா ஹாஸ் என்ற ஆய்வாளர் 1980-களின் கடைசியில் செய்த ஆய்வில், நேராகக் கணினியில் எழுத உட்கார்ந்தபோது, காகிதத்தில் எழுதியபோது செய்ததைவிடக் குறைவாகவே திட்டமிட்டார்கள். திரை வெறுமையாக இருந்தால் கை உடனே வாக்கியத்துக்குப் போய்விடுகிறது. 'நான் யாரிடம் சொல்கிறேன், எதை மறுக்கிறேன், என்னிடம் என்ன ஆதாரம் இருக்கிறது' என்று ஐந்து நிமிடம் பேனாவால் கிறுக்கிவிட்டு அப்புறம் திரைக்கு வருகிற மாணவர் நிச்சயமாக வேறு மாதிரி எழுதுகிறார். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதே காரணத்துக்காக லேபில் பிரிண்டர் இருக்கிறதா, மாணவர்கள் பயன்படுத்த விடுவார்களா என்று கேட்டுவையுங்கள். திரையில் ஒரு சமயம் ஒரு பக்கம்கூட முழுசாகத் தெரியாது. மூன்றாவது பத்தியில் சொன்னதை ஏழாவது பத்தியில் மறுபடி சொல்லியிருப்பது எழுதியவருக்கே தெரியாது. பிரிண்ட் எடுத்து, நாலு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் பரப்பினால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இனி என்ன செய்ய வைப்பது என்பதற்கு வருகிறேன். நான் செய்து பார்த்து, விடாமல் வைத்திருக்கும் சிலவற்றைச் சொல்கிறேன்.

திரையை அணைத்துவிட்டு எழுதுவது. மானிட்டரை மட்டும் அணைக்கவேண்டும், கணினியை அல்ல. இதை முதல் தடவை ரொம்பத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஏழு நிமிடம், நிறுத்தாமல், எழுதுவது கண்ணுக்குத் தெரியாமல் தட்டவேண்டும். 1980-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ஷெரிடன் பிளாவ் என்ற பேராசிரியர், எழுதுகிறவருக்குத் தான் எழுதுவது தெரியாவிட்டால் என்ன ஆகும் என்று சோதிக்க, மை தீர்ந்த பேனாவையும், அடியில் இருக்கும் தாளில் மட்டும் எழுத்து பதியும்படி கார்பன் தாளையும் கொடுத்து எழுத வைத்தார். எழுத முடியாமல் தடுமாறுவார்கள் என்று நினைத்த இடத்தில், பலரும் சரளமாகவே எழுதினார்கள். ஸ்டீபன் மார்கஸ் அவரோடு சேர்ந்து அதையே கணினித் திரையை இருட்டாக்கிச் செய்து பார்த்தார். இப்போது உங்கள் வகுப்பில் செய்யுங்கள். முதல் அரை நிமிடம் ஒரு சிரிப்பு ஓடும். அப்புறம் கீபோர்டு சத்தம் மட்டும். திரையைப் போட்டதும் எழுத்துப்பிழை மண்டிக் கிடக்கும், அது பரவாயில்லை. ஆறு தடவை அழித்த அந்த மாணவி மாதிரி இருப்பவர்களிடம் அரைப்பக்கம் இருக்கும். அதில் ஒரு வரி உயிரோடு இருக்கும். "அந்த ஒரு வரியை மட்டும் எடு, மீதியை விடு" என்று சொல்லுங்கள்.

வரைவு எழுதும்போது பிழை திருத்தியையும் அணைத்துவிடச் சொல்கிறேன். சிவப்புக் கோடு கண்ணில் பட்டால் நினைப்பு அங்கேயே நின்றுவிடுகிறது. கடைசி வாரத்தில் அதைப் போட்டுக்கொள்ளலாம்.

வரைவு முழுசாகக் கைக்கு வந்தபின் செய்வது வண்ணம் தீட்டுவது. தான் வலியுறுத்தும் கருத்துகளுக்கு மஞ்சள், அதற்கான ஆதாரத்துக்குப் பச்சை, பிறர் சொன்னதற்கு நீலம். பத்து நிமிடம்தான் ஆகும். முடிந்ததும் பின்வரிசையிலிருந்து பார்த்தால் அறை முழுக்க ஒவ்வொருவர் கட்டுரையின் உடல்நிலையும் தெரியும். முழுக்க மஞ்சள் என்றால் சொல்லிக்கொண்டே போகிறார், காட்டவில்லை. முழுக்க நீலம் என்றால் அவர் எங்கே என்றே தெரியவில்லை. நான் ஒன்றுமே சொல்லவேண்டியதில்லை, மாணவரே "மேடம், இதுல நானே இல்ல" என்பார். அடுத்து, ஒவ்வொரு பத்திக்கும் ஒரே வாக்கியத்தில் சாரம் எழுதி அதைப் பத்தியின் தலையில் தலைப்பாக வைக்கச் சொல்லுங்கள். அந்தத் தலைப்புகளை மட்டும் தனியாகப் படித்தால் வாதம் வரிசையாகப் போகிறதா, தாவுகிறதா என்று தெரியும். தாவினால் பத்தியை இழுத்து இடம் மாற்றலாம். கையெழுத்துக் கட்டுரையில் இதைச் செய்யச் சொன்னால் முழுசும் மறுபடி எழுதவேண்டும் என்று அலறுவார்கள், நியாயம்தான். இந்த ஒரு விஷயத்தில் கணினி தரும் சுதந்திரம் பெரிது. மாற்றிப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் பழையபடி வைத்துக்கொள்ளலாம். திருத்துவதில் இருக்கும் பயம் பாதி இதிலேயே போய்விடும்.

ஒருவர் எழுதியதை ஒருவர் படிப்பதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். எல்லோரும் எழுந்து வலப்பக்கத்து நாற்காலிக்கு மாறுங்கள், அவ்வளவுதான். அங்கே திறந்திருக்கும் வரைவைப் படிக்கவேண்டும். கூகுள் டாக்ஸிலோ வேர்டிலோ ஓரத்தில் கருத்து எழுதும் வசதி இருக்கிறது, அதை மட்டும் பயன்படுத்தலாம், வாக்கியத்தைத் திருத்தக்கூடாது என்று கட்டாய விதி வையுங்கள். "நன்றாக இருக்கிறது", "இன்னும் விளக்கலாம்" இரண்டுக்கும் தடை. "இங்கே எனக்குக் குழப்பம் வந்தது", "இதைப் படித்ததும் அடுத்து இது வரும் என்று நினைத்தேன், வரவில்லை" என்கிற மாதிரி, படிக்கும்போது தனக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லவேண்டும். சக மாணவரின் திருத்தத்தைவிட இது பல மடங்கு உபயோகம்.

தட்டச்சிலேயே விவாதம் நடத்துவதும் உண்டு. இது எங்கே வேர்விட்டது தெரியுமா? அமெரிக்காவில், காது கேளாத மாணவர்களுக்கான காலடெட் பல்கலைக்கழகத்தில், 1985-ல், டிரென்ட் பேட்சன் என்ற பேராசிரியர் வகுப்புக் கணினிகளை இணைத்து, மாணவர்கள் ஒருவருக்கொருவர் எழுத்திலேயே உரையாடும்படி செய்தார். அவர்களுக்கு ஆங்கிலம் என்பது தேர்வுத்தாளில் மட்டும் வருகிற மொழியாக இல்லாமல், பதில் வருகிற மொழியாக ஆனது. நம் வகுப்பிலும் அதே மாதிரி நடக்கும். வாய் திறக்காத மாணவர் அங்கே நாலு வரி எழுதுவார். ஆனால் 25 பேர் ஒரே நேரத்தில் தட்டினால் யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள் என்றே தெரியாமல் போய்விடும். ஐந்தைந்து பேராகப் பிரியுங்கள், பதினைந்து நிமிடம் போதும். முக்கியமானது அதற்கப்புறம் வருவது: அந்த உரையாடலைச் சேமித்துவைத்து, "இதில் நீ சொன்ன எந்த வரி உன் கட்டுரைக்குள் போகவேண்டும்?" என்று தேடவையுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் துணிச்சல் தேவைப்படுவது. புரொஜெக்டரைப் போட்டு, அவர்கள் பார்க்க நீங்கள் எழுதுங்கள். முன்கூட்டித் தயாரிக்காமல், அவர்களுக்குக் கொடுத்த அதே தலைப்பில். நீங்கள் ஒரு வரி எழுதி, யோசித்து, "இது பொய்யா இருக்கே" என்று சொல்லி அழிப்பதை அவர்கள் பார்க்கட்டும். ஆசிரியர் என்றால் ஒரே மூச்சில் சரியாக எழுதிவிடுவார் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பத்து நிமிடம் பெரிய விடுதலை.

கவனம் சிதறும் பிரச்சினை உண்மையானது, அதை மறைக்கமாட்டேன். கனடாவில் 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், விரிவுரையின்போது மடிக்கணினியில் வேறு வேலை பார்த்தவர்கள் தேர்வில் குறைவாக வாங்கினார்கள். அந்தத் திரை கண்ணில் படும் இடத்தில் உட்கார்ந்திருந்தவர்களும் குறைவாகத்தான் வாங்கினார்கள். எனவே நீங்கள் பேசும் நேரம் ஐந்து நிமிடத்தைத் தாண்டக்கூடாது. பேசும்போது "கையை எடுங்க, திரையை அணைங்க" என்று சொல்லத் தயங்காதீர்கள். இணையத்தையே துண்டித்துவிடச் சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு தகவலைச் சரிபார்க்கவும் கற்றுக்கொடுக்கவேண்டிய இடம் அது. வேலை தெளிவாக இருந்து, நேரம் குறைவாக இருந்து, நீங்கள் நடந்துகொண்டிருந்தால் முக்கால்வாசிச் சிதறல் தானாகவே அடங்கும்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு, லேபில் எழுதவைத்தால் மாணவர் தானே எழுதினார் என்று உறுதியாகத் தெரியும் என்பதற்காகவே சிலர் லேப் கேட்கிறார்கள். அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பவும் முடியாது. 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை அத்தகைய மென்பொருள்களில் போட்டுப் பார்த்தபோது, பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியது என்று தவறாகச் சொல்லின. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாது என்று அதே ஆண்டு ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஆனாலும் தயவுசெய்து லேபைத் தேர்வு அறையாக மாற்றாதீர்கள். கண்காணிக்கப்படுகிறோம் என்று தெரிந்தால் யாரும் துணிந்து மோசமான முதல் வரைவை எழுதமாட்டார்கள். அந்த மோசமான வரைவு இல்லாமல் நமக்கு வேலையே இல்லை. வாராவாரம் ஒருவர் எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அவருடைய நடை நமக்குப் பழகிவிடும். கூகுள் டாக்ஸில் பழைய பதிப்புகளை வரிசையாகப் பார்க்கும் வசதியை நான் மாணவரோடு சேர்ந்து உட்கார்ந்துதான் திறப்பேன், "இந்தப் பத்தியை ஏன் தூக்கினாய்?" என்று கேட்பதற்காக.

சில நடைமுறை விஷயங்கள். பல லேபுகளில் கணினியை அணைத்துப் போட்டால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்படி ஒரு மென்பொருள் போட்டிருப்பார்கள், டெஸ்க்டாப்பில் சேமித்தது காணாமல் போகும். எனக்கு இது தெரியாமல் ஒரு வகுப்பின் முழு வேலையும் போயிற்று, ஒரு மாணவர் கண்கலங்கிவிட்டார். லேப் உதவியாளரிடம் முதல் நாளே கேளுங்கள், அவரோடு நல்ல பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள், செமஸ்டர் முழுக்க உங்களைக் காப்பாற்றப்போவது அவர்தான். எழுதும் மொழிக்கு வேண்டிய எழுத்துருவும் விசைப்பலகையும் எல்லாக் கணினியிலும் இருக்கின்றனவா என்று நீங்களே ஒன்றிரண்டில் தட்டிப் பாருங்கள். 25 கணினியில் மூன்று வேலை செய்யாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே இரண்டு பேர் ஒரு கணினியில் உட்காரட்டும், ஒருவர் தன் வரைவை வாயால் சொல்லட்டும், மற்றவர் தட்டட்டும், பாதியில் மாறிக்கொள்ளட்டும். செல்பேசியிலேயே வளர்ந்த மாணவர்கள் பலருக்கு ஃபோல்டர் என்றால் என்ன, கோப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்பது தெரியாது. கேட்கக் கூச்சப்படுவார்கள், எனவே முதல் வாரம் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிக்கொடுத்துவிடுங்கள். மெதுவாகத் தட்டுகிறவரை மெதுவாக யோசிக்கிறவர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அவர் தாளில் எழுதினால் எழுதட்டும், திருத்தத்தின்போது தட்டிக்கொள்ளலாம்.

இரண்டு வகுப்பையும் லேபுக்கு மாற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஒரு கட்டுரையைச் சேர்ந்து படித்துப் பேசவேண்டிய வகுப்புக்குத் திரை இல்லாத அறைதான் சரி. கணினி இருப்பதாலேயே எழுத்து மேம்பட்டுவிடாது என்பதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. 1993-ல் ராபர்ட் பேங்கர்ட்-டிரவுன்ஸ் என்ற ஆய்வாளர் 32 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, கணினியில் எழுதப் பழகியவர்களின் கட்டுரைகள் நீளமாகின, தரத்தில் ஏற்பட்ட முன்னேற்றம் சிறியதாகவே இருந்தது.

கடைசி ஐந்து நிமிடத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். எல்லோரும் சேமித்துவிட்டு, வரைவின் தலையில், தேதி போட்டு, ஒரே ஒரு வரி எழுதவேண்டும்: அடுத்து நான் இதில் செய்யப்போவது என்ன. "மூணாவது பத்தியில நான் சொல்றதுக்கு ஆதாரம் இல்ல, தேடணும்" என்று ஒருவர் எழுதுவார். "தெரியல" என்று ஒருவர் எழுதுவார். அடுத்த லேப் வகுப்புக்கு முந்தின நாள் இரவு நான் கட்டுரைகளைப் படிப்பதில்லை, அந்த 25 வரிகளை மட்டும் படிப்பேன், கால் மணி நேரம் ஆகும். மறுநாள் உள்ளே நுழைந்ததும் நேராக அந்த "தெரியல" எழுதியவர் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நிற்பேன்.